கடன் முடியட்டும்

வீட்டுக் கடனைத் தவணைக்கு முன்பே அடைக்கிற மனிதர்களை மெச்சிப் பேசுகிறவர்கள், அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரு வாரமாவது ஒரே வீட்டில் குடியிருந்து பார்க்க வேண்டும். நான் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரரே அப்படிப்பட்டவர்தான். விருதுநகரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் சொந்தக்காரப் பெண்கள் யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு வாச்ச மாதிரி மாப்ள யாருக்கு வாய்க்கும்? குடி இல்ல, சீட்டு இல்ல, கடனக் கண்டாலே ஆகாது" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். குடிக்கிறவனாவது பொழுது சாய்ந்தால் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருப்பான் என்று வாய் வரைக்கும் வரும். சபை நாகரிகம் கருதி விழுங்கிவிடுவேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். சூலக்கரைப் பக்கம் கரிசல் காட்டையெல்லாம் கல் நட்டு பிளாட்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றை வாங்கி, வீட்டுக் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் கடன் போட்டு, இரண்டு அறையும் ஒரு கூடமுமாக வீடு கட்டினோம். அவருக்கு சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் வேலை. நான் நர்சரி பள்ளியில் டீச்சர். அவர் சம்பளம் மட்டும் போதாது என்று கடனில் என்னையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். பதினைந்து வருஷத் தவணை. என் சம்பளத்துக்கு மரியாதை கிடைத்தது அந்த ஒரு இடத்தில்தான்.

பால் காய்ச்சிய அன்று, பந்தியில் கடைசி இலையை எடுப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "பதினஞ்சு வருசமெல்லாம் கட்ட முடியாது. வட்டியே வீட்டு வெலைக்கு மேல போயிரும். கெடைக்கிறத எல்லாம் கூடுதலாக் கட்டி ஏழு வருசத்துல முடிச்சிரணும்" என்றார்.

யோசனையில் தப்பில்லை. கூடுதலாகக் கட்டினால் கடன் சீக்கிரம் குறையும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மிச்சம் பிடிப்பது என்றால் செலவு போக மிஞ்சுவதைப் பிடிப்பது என்று நான் நினைத்திருந்தேன். அவர் கணக்கில் முதலில் பிடித்துக்கொள்வது. அது போக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் குடும்பம் நடத்துவது.

முதல் பலி ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் புரோட்டா. எங்கள் ஊரில் கல்லில் எண்ணெய் குளம் கட்டி நிற்கும். அதில் முறுகப் பொரித்தெடுத்து, பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றித் தருவார்கள். வாரம் முழுக்க அடுப்படியில் வேகிற எனக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் லீவு. "எண்ணெய் ஒடம்புக்கு ஆகாது" என்றார். எங்கள் உடம்பின் மேல் அத்தனை அக்கறை. பிறகு கேபிள் கனெக்ஷன் போனது. வாரப் பத்திரிகை போனது. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வெளியூரிலிருந்து வந்து தங்கும் சொந்தக்காரர்களும் போனார்கள். கோயிலில் பொங்கல் சாட்டி நாள் அறிவித்த உடனேயே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "தண்ணி ரொம்பக் கஷ்டமா இருக்கு, வாங்க, பாத்துக்கிடுவோம்" என்பார். விருதுநகரில் தண்ணீர்க் கஷ்டம் என்றால் அதற்கு மேல் யார் பேசுவார்கள்? வாங்க என்று கூப்பிட்டமாதிரியும் ஆயிற்று, ஒருவரும் வராமலும் ஆயிற்று. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து அவரே மெச்சிக்கொள்வார்.

தீபாவளிக்குக் கம்பெனியில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு பெட்டி பட்டாசு சும்மா கொடுப்பார்கள். அதை எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு வாத்தியார் வீட்டுக்கு விற்றுவிடுவார். தீபாவளியன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கள் பட்டாசை எங்கள் வாசலுக்கு எதிரே வைத்து வெடிக்கும். என் மகளும் மகனும் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் பட்டாசு அனுப்புகிற சிவகாசியில் வேலை பார்க்கும் மனிதரின் பிள்ளைகள். "கடன் முடியட்டும், கட்டுக் கட்டா வாங்குவோம்" என்பார். மகன் சைக்கிள் கேட்டாலும் அதே பதில், நான் ஒரு மிக்ஸி கேட்டாலும் அதே பதில். கடன் முடியட்டும். காலையில் கேட்கிற சுப்ரபாதம் மாதிரி அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

அப்படிச் சேர்த்த பணத்தை அவர் கட்டிவிட்டு வருகிற அழகு தனி. அவருடைய ஆபீஸ் வேலையே வெளியூர் வியாபாரிகளின் அட்வான்ஸைப் பார்த்துக்கொள்வதுதான். சீசனுக்குப் பல மாசம் முன்பே ஆர்டரோடு அட்வான்ஸ் அனுப்பும் வியாபாரிக்குத்தான் பட்டாசு விலையில் கழிவு அதிகம். கடைசி நேரத்தில் வருகிறவனுக்கு முழு விலை. இருபது வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, அட்வான்ஸ் கட்டுகிறவன்தான் உலகத்திலேயே கெட்டிக்காரன் என்று அவர் மனசில் பதிந்துபோயிருந்தது. அதனால் கடன் கம்பெனியில் கூடுதல் பணம் கட்டும்போதெல்லாம், கட்டுகிற சீட்டில் பெரிய எழுத்தில் 'அட்வான்ஸ்' என்று எழுதிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "இன்னைக்கும் அட்வான்ஸ் போட்டாச்சு" என்பார். திருப்பதிக்குப் போய்விட்டு வந்தவர்கூட அப்படி ஒரு நிறைவோடு சொல்லியிருக்க மாட்டார்.

எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. என் அப்பா சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி என்ற ஊரில் பட்டாசுக் கம்பெனிக் கூலி. அங்கே அட்வான்ஸ் என்றால் வேறு. கம்பெனிக்காரர் தொழிலாளிக்கு முன்பணம் கொடுத்துப் பிடித்துப்போட்டுக்கொள்வது. ஒரு தீபாவளிக்கு வாங்கியதை அடுத்த தீபாவளி வரை உழைத்துக் கழிக்க வேண்டும். அப்பா சாகிறவரை கழித்தார். அதனால் அவருக்கு மருமகன் என்றால் உயிர். "கடன் எம்புட்டுப் பொல்லாததுன்னு தெரிஞ்ச மனுசன்" என்பார். எனக்கு அந்தப் பேச்சும் பிடிக்காது. கடன்காரராகவே செத்த என் அப்பா, கையில் காசு வந்த அன்றைக்கு எங்களுக்கு வயிறாரக் கறி வாங்கிப் போடாமல் இருந்ததில்லை.

எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்தேன். அவரிடம் ஒரு பதில் இருந்தது. "பட்டாசுக் கம்பெனில வேல. ஆபீசுக்கு அந்தாலதான் குடோன். என்னைக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியுமா? நான் செத்தாலும் வீடு ஒங்களுக்கு நிக்கணும்லா?"

"செத்தா வீடு எங்களுக்கு. சரி. உயிரோட இருக்கும்போது நீங்க யாருக்கு?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் விளக்கை அணைத்துவிட்டுப் போனார். ஆள் இருக்கிற அறையில் மட்டும்தான் விளக்கு எரிய வேண்டும் என்பது அவர் சட்டம். நான் அந்த அறையில் இருந்தேன் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எத்தனை பெண்கள் இதைவிட மோசமானதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் விஷயம்தான் என்னை உலுக்கியது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தம்பிக்காரன் இன்னமும் கேட்பான், அழுவான், தரையில் புரள்வான். அவள் எதுவும் கேட்பதில்லை. பொறுப்பான பிள்ளை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடைத்தெருவில் அவளுடைய டீச்சர் என்னைப் பார்த்து, "ஒங்க பொண்ணுக்கு பஸ் பிரயாணம் ஒத்துக்கிடாதாமே? டூருக்கு வரலைன்னுட்டா. வகுப்புல எல்லாப் பிள்ளைகளும் கன்னியாகுமரி போய்ட்டு வந்துட்டாங்க" என்றார். டூர் என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"கடல் பாக்கணும்னு ஆசையா இல்லையாத்தா?"

"இல்லம்மா" என்றாள். யோசிக்காமல், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள்.

ஆசையை அடக்கிக்கொண்டு சொல்லியிருந்தால் பாதகமில்லை, பிறகு வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டலாம். இவளுக்கு அடக்குவதற்கே ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிட்டார் மனிதர். இவள் பெரியவளாகி எவனோ ஒருவன் இவளைப் பட்டினி போட்டாலும் 'எனக்குப் பசிக்காது' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீடு போனாலும் இன்னொரு வீடு கட்டலாம். இதை எங்கே போய்க் கட்டுவது?

அந்த வருஷம் தீபாவளி போனஸ் வந்ததும், "அஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. மிச்சம் எம்புட்டுன்னு கேட்டுருவோம். இன்னும் ரெண்டு சீசன்ல முடிஞ்சிரும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கடன் கம்பெனிக்குப் போனார். வருஷா வருஷம் அவர்கள் அனுப்பும் கணக்கை அவர் பிரித்துப் படித்ததே இல்லை. கால் கிலோ புளி வாங்கினாலும் தராசு முள்ளைக் குனிந்து பார்க்கிற மனிதர்தான். ஆனால் கடன் கணக்கு அவர் மனசிலேயே இருந்ததாம். கம்ப்யூட்டர் அதைவிடப் பெரிதா என்ன?

கவுண்டரில் இருந்த இளம்பெண் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னாள். இவர் சிரித்தார். "வேற யாரு கணக்கையோ பாக்குறீக போலம்மா."

"ஒங்களதுதான் சார். தவணை எல்லாம் ஒழுங்கா வந்திருக்கு. தவணைக்குத் தக்கன அசல் குறைஞ்சிருக்கு. அட்வான்ஸ் தனியா இருக்கு."

"தனியா இருக்குன்னா?"

"நீங்கதான அட்வான்ஸ்னு எழுதிக் கட்டியிருக்கீங்க? அதனால பின்னால வரப்போற தவணைக்குன்னு தனியா வச்சிருக்காங்க. அசல்ல கழிக்கணும்னா அசல்ல கழிக்கச் சொல்லி எழுதியிருக்கணும் சார்."

"அதுக்கு வட்டி?"

"அட்வான்சுக்கு வட்டி கிடையாது. ஆனா ஒண்ணு, இனிமே ரெண்டு வருஷத்துக்கு மேல நீங்க தவணையே கட்ட வேணாம்."

நாங்கள் வாங்கிய அசலில் கால்வாசிகூடக் குறைந்திருக்கவில்லை. எங்கள் வயிற்றிலிருந்தும் வாயிலிருந்தும் பிடுங்கிய பணம் ஐந்து வருஷமாக எந்த வேலையும் செய்யாமல் அங்கே கால் நீட்டிப் படுத்திருந்திருக்கிறது. பட்டாசு வியாபாரியின் மூளையை வைத்துக்கொண்டு வீட்டுக் கடன் கட்டியிருக்கிறார் இந்தக் கெட்டிக்காரர். அவர் பேயறைந்த மாதிரி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கவுண்டர் என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்; எனக்கு இல்லை.

இருவரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் அந்தப் பணத்தை இப்போதேகூட அசலில் கழித்துக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். அவர் அங்கேயே பேப்பர் வாங்கி எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, என் பக்கம் தள்ளினார். நான் பேனாவை எடுக்கவில்லை.

"நான் போட மாட்டேன்."

தெருவுக்கு வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? வட்டி ஓடுது தெரியும்லா?"

"ஓடட்டுமே. அஞ்சு வருசமா நாங்க நின்ன எடத்துலயே நிக்கோம். வட்டியாவது ஓடட்டும்."

கணக்குப்படி அவர் சொன்னதுதான் சரி. நானும் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுக்கிறவள்தான். ஆனால் இரண்டு வருஷத்துக்கு மாசத் தவணைப் பணம் வீட்டிலேயே இருக்கும் என்ற ஒன்று என் தலைக்குள் புகுந்துகொண்டு வெளியே போகமாட்டேன் என்றது. அவருடைய முட்டாள்தனத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே வரவு அது. அதையும் தூக்கி அசலில் போட்டுவிட்டால் பழையபடி கடன் முடியட்டும், கடன் முடியட்டும் என்று கேட்டுக்கொண்டே நான் கிழவியாகிவிடுவேன்.

அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அதனால் வீட்டில் பெரிய குறை ஒன்றும் ஏற்படவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் நான் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது மகள் அடுப்படிக்கு வந்தாள். ஒரு கையில் அந்தப் பேப்பர், இன்னொரு கையில் பேனா.

"அம்மா, கையெழுத்துப் போட்ரும்மா. வட்டி சும்மா போகுதுல்ல."

"அப்பா குடுத்து விட்டாரா?"

"இல்ல. நானாத்தான் எடுத்துட்டு வந்தேன்."

அடுப்பை அணைத்துவிட்டு அவளை என் பக்கம் இழுத்து உட்கார வைத்தேன். "ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு. என்ன வேணும்னாலும் வாங்கித் தாரேன். அப்பாவ நான் பாத்துக்கிடுறேன்."

ரொம்ப நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கடைசியில், "கடன் முடியணும்மா" என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் இத்தனை நாள் பேசாத வாயைத் திறந்தார். "பாத்தியா? சின்னப் பிள்ளைக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியல." எட்டிப் பார்த்தேன். முகமெல்லாம் பெருமை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கேட்பதற்கு வேறு எதுவுமே தோன்றவில்லை, அதற்கு ஒரு தகப்பன் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அருவருப்பாக இருந்தது. அதை இன்றைக்கும் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

"போடுறேன்" என்றேன். "நாலு பேரும் திருச்செந்தூர் போய்ட்டு வரணும். வந்த மறுநாள் போடுறேன். அதுக்கு முன்னால தலைகீழா நின்னாலும் போட மாட்டேன்."

தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகளுக்கெல்லாம் சில வாரம் லீவு. சஷ்டிக் கூட்டம் கலைந்தபிறகு போகலாம் என்று அவரே நாள் பார்த்தார். பக்தியினால் இல்லை, கூட்ட நாளில் எல்லாவற்றுக்கும் விலை கூடுதல். ஓட்டல் செலவு கூடாது என்று புளியோதரை கட்டச் சொன்னார், கட்டினேன். பஸ்ஸில் மகனுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கண்டக்டரோடு தூத்துக்குடி வரைக்கும் வாதாடிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், இந்த ஆள் யாரோ எவரோ என்பது போல.

திருச்செந்தூரில் மழை பெய்து விட்டிருந்தது. கடல் கலங்கி, பெரிய பெரிய அலையாக வந்துகொண்டிருந்தது. மகன் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு ஓடியே போய்விட்டான். "ஏலே, உள்ள போகாதலே!" என்று கத்திக்கொண்டு இவர் வேட்டியை மடித்துக் கட்டி அவன் பின்னால் போனார். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் இருந்தது. காசு கொடுத்தால் டோக்கன் தருவார்கள். நான் அந்தப் பக்கம் நடந்தேன்.

"காசு எதுக்கும்மா?" என்றாள் மகள். "நான் பாத்துக்கிடுறேன்."

நாலு ஜோடிச் செருப்பையும் மணலில் வரிசையாக வைத்து, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கரையில் போகிற வருகிற ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எவன் எடுத்துக்கொண்டு ஓடுவானோ என்று. வா என்று கூப்பிட்டேன். "நீ போம்மா, நான் இங்கனயே இருக்கேன்" என்றாள். அப்பா மாதிரி தலையைத் திருப்பாமல், அப்பா மாதிரி பொறுமையாக.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிப் பத்திக்கொண்டு வந்ததோ. குனிந்து அவர் செருப்பில் ஒன்றைக் கையில் எடுத்தேன். மூன்று இடத்தில் தைத்த செருப்பு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலை வரைக்கும் ஓடி, என் பலம் கொண்ட மட்டும் கடலுக்குள் வீசினேன். முருகன் மன்னிக்கட்டும். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

"அம்மா! அப்பா செருப்பு!"

அப்படி ஒரு அலறல். என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தாள். முழங்கால் வரை போனாள், இடுப்பு வரை போனாள், ஒரு அலை வந்து அவளை அப்படியே உட்கார்த்தியது. எழுந்தபோது தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது, கையில் செருப்பு. ஓடிவந்துவிடுவாள் என்று பார்த்தேன். வரவில்லை. அங்கேயே நின்று, இதுவரை முதுகைக் காட்டிக்கொண்டிருந்த கடலை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த அலை வந்தது. நனைந்து நாறிப்போன செருப்பு இனி நனையக் கூடாது என்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். கத்தினாள். அது பயந்து கத்துகிற கத்தல் இல்லை.

அவர் மகனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக வந்தார். "செருப்பு கெடச்சிருச்சுல்ல? போதும், ஏறி வாத்தா! துணி நனஞ்சா மாத்துறதுக்கு வேற இல்ல!"

அவள் அங்கிருந்தே திரும்பிப் பார்த்தாள். உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு அலைப்பா."

அவர் வாயைத் திறந்தார். கடன் முடியட்டும் என்றுகூடச் சொல்லியிருப்பார், அவரை நம்ப முடியாது. அதற்குள் நான் முந்திக்கொண்டு, கோயில் வரைக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"நில்லுத்தா! ஒனக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டும் நின்னுட்டு வா!"